இன்ஸ்பெக்கின் புதிய வெளியீட்டுக்கு மாறுதல்: வன்னியில் சேவையகம் பராமரிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

வன்னியின் பெரிய குளங்களின் துருசடியில் அடிக்கணக்குக் குறித்த நீர்மட்ட அளவுகோல் நிற்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கமக்காரர் கூடித் தீர்மானிக்கும்போது, அந்தக் கோல் காட்டும் அடியே பேச்சுக்கு அடிப்படையாகிறது. பழைய கோலைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நட்ட மறுநாள் நீர்மட்டம் அரை அடி குறைந்ததாகத் தெரிந்தால், குளத்தில் நீர் குறைந்ததா, கோல் நடப்பட்ட ஆழம் மாறியதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சேவையகங்களின் பாதுகாப்பையும் இணக்கத்தையும் சோதிக்கும் இன்ஸ்பெக் என்னும் கருவியைப் புதிய வெளியீட்டுக்கு மாற்றும்போதும் இதே கேள்வி எழுகிறது. சேவையகத்தில் ஒரு வரிகூட மாறாதிருக்க, சோதனை முடிவு மட்டும் மாறிவிடலாம். ஆகவே இக்கருவியின் புதுப்பிப்பை, மற்ற மென்பொருள்களைப் போல இரவில் ஏற்றிவிட்டுக் காலையில் மறந்துவிடும் வேலையாகக் கொள்ளக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் கூட்டுறவுச் சங்கம், பாடசாலைக் கணினி அறை, பயிற்சி நிலையம், தனியார் மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் இரண்டு முதல் ஐந்து வரையான லினக்ஸ் சேவையகங்களைத் தனி ஆளாகக் கவனிப்போரை மனத்திற் கொண்டே இதை எழுதுகிறேன். அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் கணினித் துறை படிக்கும் மாணவர்கள் ஆய்வுகூடத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

கருவியைப் பற்றிச் சிறிது

இன்ஸ்பெக் என்பது ரூபி மொழியில் எழுதப்பட்ட திறந்த மூலச் சோதனைக் கருவி. ஜேர்மனியில் வல்கனோசெக் என்னும் சிறு நிறுவனத்தை நடத்திய டொமினிக் ரிக்டர், கிறிஸ்தோஃப் ஹார்ட்மன் ஆகியோரின் வேலையிலிருந்து இது பிறந்தது. 2015இல் அந்நிறுவனத்தை, சேவையக அமைவைத் தானியக்கும் மென்பொருள் நிறுவனமான செஃப் வாங்கியது. 2020இல் செஃப்பை புரோக்ரெஸ் நிறுவனம் வாங்கியது. இதன் வேலை எளிமையானது. ‘ரூட் (முழு உரிமையுள்ள நிர்வாகி) பயனர் நேரடியாக எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நுழையக்கூடாது’ என்பது போன்ற ஒரு விதியைக் கட்டுப்பாடு என்னும் சிறு துண்டாக எழுதுகிறோம். அத்தகைய கட்டுப்பாடுகள் பலவற்றைச் சேர்த்துப் புரொஃபைல் என்னும் கோப்புறையாக வைக்கிறோம். கருவி அவற்றை ஒவ்வொன்றாகச் சேவையகத்தில் ஓட்டிப் பார்த்துத் தேறியது, தவறியது, தவிர்க்கப்பட்டது என்று சொல்கிறது. சோதிக்கப்படும் சேவையகத்தில் எதையும் நிறுவத் தேவையில்லை. டிரெயின் என்னும் நூலகத்தின் வழியாக எஸ்எஸ்எச், விண்டோஸுக்கான வின்ஆர்எம், மென்பொருளைத் தனிக் கொள்கலத்தில் ஓட்டும் டொக்கர் முதலியவற்றால் தொலைவிலிருந்தே இணைந்துகொள்ளும். ஒரே மடிக்கணினியிலிருந்து மாங்குளத்திலுள்ள சேவையகத்தையும் புதுக்குடியிருப்பிலுள்ள சேவையகத்தையும் சோதிக்க முடிவது இதனாலேயே.

பதிப்புத் தொடர்களின் வரலாறு மாற்றத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள உதவும். முதலாவது தொடர் 2016இல் வந்தது. 2018 பெப்ரவரியில் வந்த 2ஆம் தொடர் முகிற்கணினிச் சேவைகளையும் சோதிக்கக் கற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வந்த 3ஆம் தொடர் செருகுநிரல் முறையைக் கொண்டுவந்தது. 2019 மே மாதத்தில் வந்த 4ஆம் தொடர், நம்மைப் போன்றோருக்கு மிகுந்த வேலை வைத்தது: ‘அட்ரிபியூட்’ என்று இருந்தது ‘இன்புட்’ என்று பெயர் மாறியது, கருவியை முதன்முறை ஓட்டும்போது உரிம ஒப்பந்தத்தை ஏற்க வேண்டியதாயிற்று. 5ஆம் தொடர் 2022இல் வந்தது. 6ஆம் தொடரை ஓட்ட உரிமச் சாவி ஒன்றைப் பெற்று இட வேண்டும்.

முதலாம் படி: கையிலிருப்பதை எழுதிவைத்தல்

புதியதைத் தேடுமுன் இப்போது என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘இன்ஸ்பெக் வெர்ஷன்’ என்னும் கட்டளை பதிப்பு எண்ணைத் தரும். அந்த எண்ணுடன், கருவி எவ்வழியால் நிறுவப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாக நிறுவப்பட்டிருந்தால் அது தனக்கான ரூபியையும் தன்னுடனேயே வைத்துக்கொண்டு ஒப்ட் கோப்புறையின் கீழ் இருக்கும். ரூபியின் பொதி வடிவமான ஜெம் வழியாக நிறுவியிருந்தால் நிலைமை வேறு. 4ஆம் தொடரிலிருந்து ‘இன்ஸ்பெக்’ என்னும் ஜெம்மில் நூலகம் மட்டுமே உள்ளது. ஓட்டக்கூடிய கட்டளை ‘இன்ஸ்பெக்-பின்’ என்னும் வேறொரு ஜெம்மில் உள்ளது. ஜெம்மைப் புதுப்பித்த பின் கட்டளையே கிடைக்கவில்லை என்று திகைப்போர் பலர் இந்த ஒரு மாற்றத்தைக் கவனிக்காதவர்களே.

அடுத்ததாக, உங்கள் புரொஃபைலின் ‘இன்ஸ்பெக் டொட் வைஎம்எல்’ கோப்பைத் திறந்து இரண்டு இடங்களைப் பாருங்கள். ‘இன்ஸ்பெக்_வெர்ஷன்’ என்னும் வரி, எந்தப் பதிப்புகளில் இப்புரொஃபைல் ஓடலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. அவ்வரி இல்லையெனில் இன்றே சேர்த்துவிடுங்கள். ‘டிபெண்ட்ஸ்’ என்னும் பகுதி, வேறு எந்தப் புரொஃபைல்களை உங்களுடையது சார்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. டெவ்-செக் திட்டத்தின் ஆயத்தப் புரொஃபைல்களான லினக்ஸ் பேஸ்லைன், எஸ்எஸ்எச் பேஸ்லைன் ஆகியவற்றைப் பலர் இவ்விடத்தில் இணைத்திருப்பர். அவை ஒரு கிளையின் பெயரால் இணைக்கப்பட்டிருந்தால், நீங்கள் அறியாமலேயே அவையும் மாறிக்கொண்டிருக்கும். கருவியும் புரொஃபைலும் ஒரே நாளில் மாறினால், முடிவிலுள்ள வேறுபாடு எதனால் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆதலால் சார்புகளை ஒரு குறித்த பதிப்பு எண்ணுக்குக் கட்டிவைத்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: வெளியீட்டுக் குறிப்பை வாசித்தல்

புதிதாக வருவோர் பெரும்பாலும் தடுமாறும் இடம் பதிப்பு எண்கள் தாவிச் செல்வதுதான். ஒரு நிலையான வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் பல எண்கள் காணாமற் போயிருக்கும். 4ஆம் தொடரின் முதல் நிலையான வெளியீடே 4.0.0 அன்று, 4.3.2. இதில் மறைவு எதுவும் இல்லை. இத்திட்டத்தில் எக்ஸ்பெடிட்டர் என்னும் தானியங்கி வேலை செய்கிறது. மூல நிரலின் முதன்மைக் கிளையில் ஒரு மாற்றம் இணைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது எண்ணை உயர்த்தி, மாற்றப் பதிவிலும் ஒரு வரி சேர்க்கிறது. அவ்வாறு கட்டப்படும் பொதிகள் சோதனைகளில் தேறினால் ‘கரண்ட்’ என்னும் வழிக்கு வரும். அவற்றுள் தெரிவுசெய்யப்பட்ட சிலவே ‘ஸ்டேபிள்’ என்னும் வழிக்கு உயர்த்தப்படுகின்றன. நமது வேலை சேவையகங்களுக்கு ஸ்டேபிள் மட்டுமே உரியது. கரண்ட் வழியில் உள்ளதை ஆய்வுகூடக் கணினியில் ஆராயலாமே தவிர, மக்களின் கணக்குகள் உள்ள சேவையகத்துக்குக் கொண்டுசெல்லக்கூடாது.

மாற்றப் பதிவு, வெளியீட்டுக் குறிப்பு ஆகிய இரண்டும் ஒன்றல்ல. முன்னது இயந்திரம் எழுதியது. இணைக்கப்பட்ட ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரியாக அதில் நிற்கும். பின்னது பயனருக்காக மனிதர் எழுதியது. முதலில் வெளியீட்டுக் குறிப்பை வாசியுங்கள். அதில் உங்களைத் தொடும் ஒன்றைக் கண்டால், அதன் விவரத்தை மாற்றப் பதிவில் தேடுங்கள். நீங்கள் 4ஆம் தொடரின் நடுவிலிருந்து 5ஆம் தொடரின் நடுவுக்குச் செல்வதாயின், இறுதிக் குறிப்பை மட்டும் வாசிப்பது போதாது. இடையிலுள்ள எல்லாக் குறிப்புகளையும் வாசிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் மூன்று நாள் தேடலை மிச்சப்படுத்தும் ஒரு மணி நேரம் அது.

வாசிக்கும்போது கண்ணில் வைத்திருக்க வேண்டியவை எவை? புதிய வசதிகளைப் பற்றிய பத்திகள் கவர்ச்சியானவை, அவற்றைப் பிறகு பார்க்கலாம். முதலில் தேட வேண்டியது, நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் வளம் ஒன்றின் நடத்தை திருத்தப்பட்டுள்ளதா என்பது. வளம் என்பது எஸ்எஸ்எச் அமைவுக் கோப்பு, சேவை, பொதி, துறை எண், பயனர் போன்ற ஒன்றைப் படித்துச் சொல்லும் கருவியின் கண். ‘இன்ன வளத்தில் வழு திருத்தப்பட்டது’ என்னும் ஒற்றை வரியே உங்கள் முடிவைப் புரட்டப் போதும். ஆகையால் உங்கள் புரொஃபைலில் உள்ள வளங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அருகில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். என் தாளில் பதினொரு பெயர்களே உள்ளன, எனவே நீண்ட பட்டியலும் விரைவில் முடிந்துவிடுகிறது.

அடுத்துத் தேட வேண்டியது வழக்கொழிப்பு அறிவிப்பு. இன்ஸ்பெக் ஒன்றைக் கைவிடும்போது அதைப் படிப்படியாகச் செய்கிறது: முதலில் எச்சரிக்கிறது, பிறகு அக்கட்டுப்பாட்டைத் தவறியதாகக் காட்டுகிறது அல்லது ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறது. இன்றைய மஞ்சள் எச்சரிக்கை நாளைய பெரிய வெளியீட்டில் நிறுத்தமாக மாறக்கூடும். எனவே எச்சரிக்கைகளைப் பழைய பதிப்பில் இருக்கும்போதே தீர்த்துவிடுவது நல்லது. 3ஆம் தொடரில் எழுதிய புரொஃபைல் இன்னும் உங்களிடம் இருந்தால் ‘அட்ரிபியூட்’ என்பதை ‘இன்புட்’ என்றும், கட்டளை வரியில் ‘அட்ர்ஸ்’ என்னும் தெரிவை ‘இன்புட்-ஃபைல்’ என்றும் மாற்றுவது இவ்வேலையின் தொடக்கம்.

மூன்றாம் படி: எந்த வெளியீட்டுக் குடும்பம் என்று தீர்மானித்தல்

இன்ஸ்பெக்கின் மூல நிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ளது. ஆனால் 4ஆம் தொடரிலிருந்து, செஃப் கட்டிக் கொடுக்கும் பொதியைப் பயன்படுத்துவதற்குத் தனி ஒப்பந்தம் பொருந்துகிறது. வணிகப் பயன்பாட்டுக்கு அதன் நிபந்தனைகளைத் தெளிவாக வாசிக்க வேண்டும். இதே மூல நிரலிலிருந்து சமூகத்தினர் கட்டி வெளியிடுவது சின்க் ஆடிட்டர். சின்க் என்பது ‘இது செஃப் அன்று’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கம். கட்டளையின் பெயர் ‘சின்க்-ஆடிட்டர்’ என்று மாறுவதைத் தவிர, புரொஃபைல்கள் அப்படியே ஓடும். உரிம ஏற்பு கேட்கப்படுவதில்லை. வருமானம் குறைந்த கூட்டுறவுச் சங்கத்துக்கும் பாடசாலைக்கும் நான் சின்க் ஆடிட்டரையே பரிந்துரைக்கிறேன். வெளிநாட்டு உதவி அமைப்புக்குக் கணக்குக் காட்டும் நிறுவனமாயின், அவர்கள் வணிக ஆதரவு உள்ள பொதியைக் கேட்கிறார்களா என்று முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செஃப்பின் பொதியையே பயன்படுத்துவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உரிமத்தை ஏற்றதற்கான அடையாளக் கோப்பு, ஏற்ற பயனரின் வீட்டுக் கோப்புறையில் எழுதப்படும். ரூட் பயனராக இருந்தால் அது ஈடிசி கோப்புறையின் கீழ் அமையும். நீங்கள் உங்கள் பெயரில் ஏற்றுவிட்டு, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரொன் வழியாக வேறொரு பயனரின் பெயரில் இரவுச் சோதனையை ஓட்டினால், அந்தப் பயனருக்கு ஏற்பு இல்லாதபடியால் கருவி 172 என்னும் முடிவுக் குறியீட்டுடன் நின்றுவிடும். கையால் ஓட்டும்போது எல்லாம் சரியாக, இரவில் மட்டும் ஒன்றும் நடக்காதிருந்தால் இக்குறியீட்டைத் தேடுங்கள். ‘செஃப்_லைசென்ஸ்’ என்னும் சூழல் மாறியை (இதன் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்) க்ரொன் ஓட்டும் சிறுநிரலிலேயே வைப்பது இதற்குத் தீர்வு.

நான்காம் படி: பொதியை எடுத்துவருதல்

ஏ-9 வீதியோரம் இணைய இணைப்பு நல்லது. உள்ளே ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் செல்லச் செல்ல ஒரு பெரிய பொதி பாதியில் அறுந்து நிற்பதும், டேட்டா முடிந்து ரீலோட் செய்ய வேண்டிவருவதும் நாம் அறிந்தவை. நிறுவும் சிறுநிரலை இணையத்திலிருந்து நேரே ஓடவிடும் முறையை ஆவணங்கள் காட்டினும், நமது சூழலில் அதைத் தவிர்ப்பதே சிறந்தது. கிளிநொச்சி அல்லது வவுனியா நகரில் நல்ல இணைப்புள்ள இடத்தில் பொதிக் கோப்பைத் தரவிறக்கி, அதனுடன் வெளியிடப்பட்ட ஷா-256 சரிகாண் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் கொண்டுவந்து, சேவையகம் உள்ள இடத்தில் ‘ஷா256சம்’ கட்டளையால் மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் அக்கோப்பைப் பயன்படுத்தக்கூடாது.

சார்ந்துள்ள புரொஃபைல்களுக்கும் இதே ஏற்பாடு உண்டு. ‘இன்ஸ்பெக் வெண்டர்’ என்னும் கட்டளை, சார்புகள் அனைத்தையும் உங்கள் புரொஃபைலின் உள்ளே வெண்டர் கோப்புறையில் கொண்டுவந்து வைக்கும். பிறகு ‘இன்ஸ்பெக் ஆர்க்கைவ்’ முழுவதையும் ஒரே சுருக்கக் கோப்பாக்கித் தரும். அதன் பின் இணையம் இல்லாமலேயே சோதனை ஓடும்.

இதற்கான காலத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழையும் இடியும் மின்தடையும் ஒரு பக்கம். ஜனவரிக்குப் பின் காலபோக அறுவடையும் நெல் கொள்வனவும் சூடுபிடிக்கும் நாட்கள் மறுபக்கம். கூட்டுறவுச் சேவையகமாயின் இவ்விரண்டு காலங்களையும் தவிர்த்து, மே முதல் ஓகஸ்ட் வரையான நாட்களில் பெரிய தொடர் மாற்றத்தை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஐந்தாம் படி: பழைய கோலால் முதலில் அளத்தல்

இனி உண்மையான வேலை தொடங்குகிறது. பழைய பதிப்பை அகற்றாதீர்கள். அதனாலேயே, மாற்றம் செய்யும் அன்று, முழுச் சோதனையை ஒருமுறை ஓட்டி முடிவைச் சேமியுங்கள். சென்ற மாத முடிவு உதவாது. இடைப்பட்ட நாட்களில் சேவையகத்தின் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எதையாவது மாற்றியிருக்கும். ‘இன்ஸ்பெக் எக்ஸெக்’ கட்டளையில் ‘ரிப்போர்ட்டர்’ தெரிவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வடிவங்களைக் கொடுக்கலாம். கண்ணுக்குத் தெரியும் சிஎல்ஐ வடிவம் திரைக்கும், பிற கருவிகள் படிக்கத்தக்க ஜேசன் வடிவம் கோப்புக்கும் செல்லட்டும். எந்தப் பயனராக இணைகிறீர்கள், ரூட் உரிமை தரும் ‘சூடோ’ தெரிவு இருந்ததா என்பதையும் குறித்துவையுங்கள். ரூட் உரிமை இல்லாமல் படிக்க முடியாத கோப்புகள் பல உள்ளன; இரண்டு ஓட்டங்களில் ஒன்று உரிமையுடனும் மற்றது உரிமையின்றியும் ஓடினால் ஒப்பீடு பொருளற்றதாகும்.

இந்த ஜேசன் கோப்பு, உங்கள் சேவையகத்தின் பலவீனங்களை எல்லாம் வரிசைப்படுத்தி எழுதிய தாள் என்பதை மறக்க வேண்டாம். அதைப் பொதுவில் பகிரும் கோப்புறையிலோ வட்ஸ்அப் குழுவிலோ இடக்கூடாது.

ஆறாம் படி: புதிய கோலை அதே இடத்தில் நடுதல்

பழையதை வைத்துக்கொண்டே புதியதை ஓட்ட மிக வசதியான வழி டொக்கர். சின்க் ஆடிட்டருக்கும் இன்ஸ்பெக்குக்கும் பதிப்பு எண் இட்ட படிமங்கள் டொக்கர் ஹப்பில் உள்ளன. நகரில் எடுத்த படிமத்தை ‘டொக்கர் சேவ்’ கட்டளையால் கோப்பாக்கி, இங்கே ‘டொக்கர் லோட்’ கட்டளையால் ஏற்றிக்கொள்ளலாம். பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் ‘லேட்டஸ்ட்’ என்று எடுக்காதீர்கள். நாளை அதே பெயரில் வேறொன்று வரும்.

நான் முதன்முறை இவ்வாறு செய்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுப்பாடுகளுள் பாதிக்கு மேல் தவறியதாக வந்தது. எஸ்எஸ்எச் சேவையே இல்லை, தீச்சுவர் இல்லை, பயனர்கள் இல்லை என்றெல்லாம் காட்டியது. புதிய வெளியீடே பழுது என்று முடிவுகட்டி ஒரு முழு மாலையை அதில் செலவிட்டேன். உண்மையில், இலக்கைக் குறிப்பிடும் ‘டார்கெட்’ தெரிவைக் கொடுக்க நான் தவறியிருந்தேன். இலக்கு கொடுக்கப்படாவிட்டால் கருவி தான் இருக்கும் இடத்தையே சோதிக்கும். அது அப்போது இருந்தது டொக்கர் கொள்கலத்தின் உள்ளே. கொள்கலத்திலிருந்து சோதிக்கும்போது எஸ்எஸ்எச் முகவரியை இலக்காகக் கொடுப்பதும், திறவுகோல் கோப்பைக் கொள்கலத்துக்குக் காட்டுவதும் கட்டாயம். ஜேசன் கோப்பின் ‘பிளாட்ஃபோம்’ பகுதியில் இயங்குதளத்தின் பெயரும் வெளியீடும் இருக்கும். எந்த ஒப்பீட்டுக்கும் முன்னர் இரண்டு கோப்புகளிலும் அப்பகுதி ஒன்றாக இருக்கிறதா என்பதை இப்போது நான் முதலிற் பார்க்கிறேன்.

முதலில் ‘செக்’ கட்டளையால் புரொஃபைலின் அமைப்பைப் புதிய பதிப்பில் சரிபாருங்கள். அது சேவையகத்தைத் தொடாது. எழுத்துப் பிழையையும் விவரப் பிழையையும் சொல்லும். அது தேறிய பின் ‘எக்ஸெக்’ ஓட்டி, ஐந்தாம் படியின் முடிவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜேசன் கோப்பாகச் சேமியுங்கள். இரண்டு ஓட்டங்களும் ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிட வேண்டும்.

ஏழாம் படி: வேறுபாட்டை வாசித்தல்

இரண்டு ஜேசன் கோப்புகளையும் நேரடியாக ஒப்பிட்டால் ஒவ்வொரு வரியும் வேறுபட்டதாகவே தெரியும். தொடங்கிய நேரம், எடுத்த நேரம் ஆகியன ஒவ்வொரு முடிவுடனும் எழுதப்படுவதே காரணம். ஜேகியூ என்னும் சிறு கருவியால் கட்டுப்பாட்டின் அடையாளத்தையும் அதன் நிலையையும் மட்டும் பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பிறகு ‘டிஃப்’ கட்டளையால் ஒப்பிடுங்கள். விளக்க வாசகத்தை முதற் சுற்றில் சேர்க்க வேண்டாம். பதிப்புக்குப் பதிப்பு அதன் சொற்கள் சற்று மாறக்கூடும்.

தேறியது தவறியதாக மாறியிருந்தால் அது உடனே கண்ணிற் படும், எனவே யாரேனும் கவனிப்பார். அதைவிட ஆபத்தானவை இரண்டு. ஒன்று, தவறியது தேறியதாக மாறுவது. எவரும் எதையும் திருத்தாமலே ஒரு குறை நீங்கிவிட்டதென்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். மற்றது, தேறியது தவிர்க்கப்பட்டதாகவோ வெறுமையாகவோ மாறுவது. பயனர் பட்டியல் ஒன்றைச் சுற்றிச் சோதிக்கும் கட்டுப்பாட்டில் அப்பட்டியலே வெறுமையாகிவிட்டால், சோதனை ஒன்றும் நடக்காது, தவறும் ஒன்றும் காட்டாது. ஆதலால் ஒவ்வொரு கட்டுப்பாட்டின் கீழும் எத்தனை முடிவுகள் உள்ளன என்று எண்ணி அவ்வெண்ணையும் ஒப்பிடுங்கள். 5ஆம் தொடரில் வந்த ‘என்ஹான்ஸ்ட்-அவுட்கம்ஸ்’ தெரிவு இவ்விடத்தில் பெரிதும் உதவும். அது தேறியது, தவறியது என்பவற்றுடன் பிழை, பொருந்தாது, மீளாய்வு செய்யப்படவில்லை என்னும் நிலைகளையும் பிரித்துக் காட்டுகிறது.

வேறுபாடு ஒன்று கண்டபின் எந்தக் கோல் உண்மை சொல்கிறது என்பதை எப்படி அறிவது? இரண்டு பதிப்புகளையும் ஒதுக்கிவிட்டுச் சேவையகத்தையே கேட்க வேண்டும். எஸ்எஸ்எச் அமைவை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் நம்மவர்களின் உபுண்டு சேவையகங்களில் இது உண்மையான அபாயம். கடவுச்சொல்லால் நுழைவதை முதன்மை அமைவுக் கோப்பில் நீங்கள் தடைசெய்திருக்கலாம். ஆனால் அண்மைய உபுண்டு பதிப்புகளில் அக்கோப்பின் தலைப்பகுதியிலேயே, ‘எஸ்எஸ்எச்டி_கொன்ஃபிக் டொட் டி’ என்னும் கோப்புறையிலுள்ள சிறு கோப்புகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் வரி உள்ளது. ஓப்பன்எஸ்எஸ்எச் ஒரு தெரிவுக்கு முதலில் காணும் மதிப்பையே ஏற்கும். சேவையகத்தை முதன்முறை அமைக்கும் கிளவுட்-இனிட் என்னும் கருவி வைத்துச் சென்ற 50 என்னும் எண்ணில் தொடங்கும் கோப்பு கடவுச்சொல்லை அனுமதித்திருந்தால், கீழே நீங்கள் எழுதிய தடை செல்லாது. முதன்மைக் கோப்பை மட்டும் படிக்கும் சோதனை ‘தேறியது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சேர்க்கப்பட்ட கோப்புகளையும் படிக்கும் சோதனை ‘தவறியது’ என்று சொல்லும். ரூட் உரிமையுடன் ‘எஸ்எஸ்எச்டி’ கட்டளையைப் பெரிய எழுத்து ‘டி’ (‘டெஸ்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து) தெரிவுடன் ஓட்டினால், சேவை உண்மையில் எந்த அமைவில் இயங்கும் என்பதை அது முழுமையாக அச்சிடும். அதுவே தீர்ப்பு. இத்தகைய கட்டுப்பாட்டை, அக்கட்டளையின் வெளியீட்டையே சோதிக்கும்படி மாற்றி எழுதிவிட்டால் அடுத்த வெளியீட்டின் போது இச்சந்தேகம் எழாது.

முடிவுக் குறியீடுகளையும் இப்படியிலேயே பார்த்துவிடுங்கள். எல்லாம் தேறினால் 0, ஒன்றேனும் தவறினால் 100, தவறாமல் சில தவிர்க்கப்பட்டால் 101, பயன்பாட்டுப் பிழையாயின் 1, செருகுநிரற் பிழையாயின் 2, வழக்கொழிப்பால் நின்றால் 3. உங்கள் இரவுச் சிறுநிரல் ‘0 அல்லாதது எல்லாம் தோல்வி’ என்று எழுதப்பட்டிருந்தால், தவிர்க்கப்பட்ட ஒரு கட்டுப்பாட்டுக்காக நள்ளிரவில் குறுஞ்செய்தி வரும். சில நாட்களில் அச்செய்தியை ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். 100ஐயும் 101ஐயும் பிரித்துக் கையாளுங்கள். மற்ற எண்களைச் ‘சோதனையே நடக்கவில்லை’ என்று தனியாக அறிவியுங்கள்.

எட்டாம் படி: உடனே தீர்க்க முடியாதவற்றுக்கு விலக்களித்தல்

புதிய வெளியீடு உண்மையான குறையொன்றைக் காட்டித் தந்து, அதைத் தீர்க்க இயலாத நிலையும் இருக்கும். பழைய கணக்கு மென்பொருள் ஒன்று பழைய குறியாக்க முறையையே கேட்பது வழக்கமான காரணம். அதற்காகக் கட்டுப்பாட்டை அழிப்பது தவறு. 4ஆம் தொடரிலிருந்து விலக்குக் கோப்பு என்னும் வசதி உள்ளது. யமல் வடிவில் கட்டுப்பாட்டின் அடையாளம், காலாவதி நாள், காரணம் ஆகியவற்றை எழுதி ‘வேய்வர்-ஃபைல்’ தெரிவால் கொடுக்கிறோம். ‘ரன்’ என்பதை உண்மை என்று வைத்தால் சோதனை ஓடி முடிவு பதிவாகும், ஆனால் அத்தோல்வி முழு ஓட்டத்தையும் தோல்வியாக்காது. காலாவதி நாளை எழுதாவிட்டால் விலக்கு நிரந்தரமாகிவிடும். ஆகவே நாளை எழுதாத விலக்கை நான் ஏற்பதேயில்லை. காரணத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். சங்கத்தின் தலைவரோ அதிபரோ அதை வாசித்துப் புரிந்துகொண்டு ஒப்புதல் தர வேண்டும்.

ஒன்பதாம் படி: மாற்றுதல்

மேலேயுள்ள அனைத்தும் முடிந்திருந்தால் இது அரைமணி நேர வேலை. புதிய பொதியை நிறுவி, க்ரொன் ஓட்டும் சிறுநிரலில் கட்டளையின் பெயரையும் பாதையையும் திருத்தி, புரொஃபைலின் ‘இன்ஸ்பெக்_வெர்ஷன்’ வரியைப் புதிய தொடருக்கு உயர்த்தி, அம்மாற்றத்தைக் கிட் என்னும் பதிப்புப் பதிவுக் கருவியில் பதிவுசெய்யுங்கள். அன்றிரவு க்ரொன் ஓட்டத்தின் முடிவை மறுநாட் காலை நீங்களே பாருங்கள்.

இரண்டு ஜேசன் கோப்புகள், வேறுபாட்டுப் பட்டியல், ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் நீங்கள் கண்ட காரணம், விலக்குக் கோப்பு ஆகியவற்றை நாளிட்டு ஒரே இடத்தில் வையுங்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தரவைக் கையாள்வோர் அதைக் காப்பதற்கான தொழினுட்ப ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும் என்கிறது. கமக்காரரின் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் உங்கள் சேவையகத்தில் இருக்கும்போது, அவ்வேற்பாட்டைச் செய்தீர்கள் என்பதற்கு இப்பதிவே சான்று. அடுத்த முறை உங்கள் இடத்தில் வேறொருவர் இவ்வேலையைச் செய்ய வந்தாலும், எந்தக் கோல் எந்த நாளில் மாற்றப்பட்டது என்பதை அவர் இதிலிருந்தே அறிவார்.

பழைய பொதிக் கோப்பையும் அதன் சரிகாண் எண்ணையும், புதிய பதிப்பு ஒரு முழு மாதம் இடையூறின்றி ஓடும் வரை பென் டிரைவில் வைத்திருங்கள். திரும்பிச் செல்ல நேர்ந்தால் இணையத்தை நம்பாமல் அன்றே அதை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம்.